வானதி டீச்சரின் அன்பு மரம்

இருபத்திரண்டு வருட சர்வீஸில் வானதி டீச்சர் வகுப்பில் நின்று, "நான் சொன்னது தப்பு" என்று ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறாள். அது ஐப்பசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. அன்று பொழுது சாய்வதற்குள், சேந்தன்கோட்டகத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிற எல்லா வீட்டுக்கும் செய்தி போய்விட்டது.

அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. மன்னார்குடிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்த குடும்பத்தில் பிறந்தவள். தஞ்சாவூரில் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆறு வருடம் காத்திருந்தாள். முதல் போஸ்டிங் வேதாரண்யம் பக்கம். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளோடு எட்டு வருடம். அங்கிருந்து மாறுதல் வாங்கி இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. ஒரே மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். கணவர் தியாகேசன் மூன்று ஏக்கர் சொந்தமாகவும் நான்கு ஏக்கர் குத்தகையாகவும் சாகுபடி செய்கிறார்.

அவளை ரொம்ப அன்பானவள் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஒழுங்கானவள் என்பார்கள். பிள்ளைகளை அடிக்க மாட்டாள், கொஞ்சவும் மாட்டாள். மேசை டிராயரில் ஊக்கு, சட்டைப் பொத்தான், ஊசி நூல், ரிப்பன், ஒரு சின்ன டப்பாவில் பேன் சீப்பு எல்லாம் இருக்கும். பொத்தான் இல்லாத சட்டையோடு வருகிற பையனைக் கூப்பிட்டு, அவன் சட்டையைக் கழற்றாமலே தைத்துவிடுவாள். தைத்து முடிக்கும்வரை, "ஆடாத, குத்திப்புடும்" என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். தலைமை ஆசிரியர் ரெங்கசாமி ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைப் பார்த்துக்கொள்வார். நாலும் அஞ்சும் சேர்த்து வானதி ஒரே அறையில் நடத்துவாள். அந்த அறையில் மொத்தம் பதினேழு பிள்ளைகள்.

ஆவணி மாதக் கடைசியில் ஒன்றிய அளவில் ஒருநாள் பயிற்சி நடந்தது. பிள்ளைகளிடம் நல்ல பண்புகளை வளர்ப்பது பற்றி. புரொஜெக்டரில் வீடியோ காட்டினார்கள், குழு குழுவாக உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார்கள். மற்ற டீச்சர்கள் மத்தியானச் சாப்பாட்டோடு பயிற்சியை மறந்துவிட்டார்கள். வானதி மறக்கவில்லை. தாளில் எழுதிக் கொடுத்தால் அதைச் செய்துதான் ஆகவேண்டும் என்று நினைக்கிற சுபாவம் அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பழுப்பு நிற சார்ட்டில் ஒரு மரம் வெட்டினாள். அடிமரம், ஏழு கிளை. பச்சை சார்ட்டில் நூறு இலை. தியாகேசன் வயலிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "என்ன மரம் இது? வேம்பா, புங்கனா?" என்று கேட்டார்.

"அன்பு மரம்."

"காய்க்குமா?"

"போயி கையக் கழுவுங்க, சாப்பாடு போடுறேன்."

திங்கட்கிழமை மரம் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஏறியது. விதி எளிது. வகுப்பில் ஒருவர் இன்னொருவருக்கு ஏதாவது உதவி செய்தால், அதைப் பார்த்தவர் டீச்சரிடம் சொல்ல வேண்டும். டீச்சர் ஓர் இலையில் யார், யாருக்கு, என்ன செய்தார் என்று எழுதிக் கொடுப்பாள். செய்தவர் தன் கையால் அதை மரத்தில் ஒட்டலாம். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எல்லா இலைகளையும் படித்துக் காட்டிக் கைதட்டுவார்கள்.

முதல் வாரம் ஒன்பது இலைதான். பென்சில் கொடுத்தது, பாயைச் சுருட்டி வைத்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூக்குத் துடைத்துவிட்டது. இரண்டாம் வாரத்திலிருந்து பிள்ளைகளுக்குச் சூடு பிடித்துக்கொண்டது. ஆனால் பதினேழு பேர் இருக்கிற அறையில் உதவி தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர்தான் இருப்பார்கள்? எல்லோருக்கும் கை கால் நன்றாக இருந்தது, பையைத் தூக்கப் பலம் இருந்தது. ஒருத்தியைத் தவிர.

அவள் செம்மொழி. நாலாம் வகுப்பு. இடது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. பிறவியிலேயே அப்படித்தான். நுனியில் விரல்களுக்குப் பதிலாக ஐந்து சின்ன மொட்டுகள். அவளுக்கு அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. தண்ணீர் பாட்டிலை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகுவாள். நோட்டை இடது கையால் அழுத்திக்கொண்டு எழுதுவாள். பை வாரைப் பல்லால் பிடித்துக்கொண்டு மாட்டுவாள். கல்லாங்காய் ஆட்டத்தில் அவளை ஜெயிக்க ஆளில்லை. வாய் கொஞ்சம் நீளம். மூன்று வருடமாக அவளோடு படிக்கிற பிள்ளைகளும் அந்தக் கையைப் பார்ப்பதையே மறந்துபோயிருந்தார்கள்.

மரம் வந்த பிறகு எல்லோருக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது.

காலையில் அவள் கேட்டுக்குள் நுழையும்போதே பையைப் பிடுங்க இரண்டு பேர். சாப்பிட்டு முடித்தால் தட்டைப் பிடுங்க மூன்று பேர். பாட்டிலை எடுத்தால் முன்னாலும் பின்னாலும் கைகள் நீண்டன. ஒரு நாள் அவள் சத்தம் போட்டாள்.

"குடுடா பாட்டில! நானே தொறப்பேன். என்னக்கி நான் ஒன்ன தொறக்கச் சொன்னேன்?"

மீரா உசேன் மகன் அப்சர் நேராக மேசைக்கு வந்தான். ஐந்தாம் வகுப்பு, கணக்கில் சுமார், பேச்சில் கெட்டி. "டீச்சர், செம்மொழி உதவி பண்ண விடமாட்டேங்குறா டீச்சர். போடா நாயேங்குறா."

"நாயேன்னு சொல்லல டீச்சர். போடான்னுதான் சொன்னேன்."

வானதி அப்போது ஆன்லைன் வருகைப் பதிவில் மூழ்கியிருந்தாள். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "செம்மொழி, ஒருத்தங்க உதவி செய்ய வந்தா வேணாம்னு சொல்லக்கூடாது. அது நல்ல பழக்கமில்ல. அவங்களுக்கும் நல்ல குணம் வளரணும்ல?"

செம்மொழி பாட்டிலைக் கொடுத்துவிட்டாள். அதன் பிறகு எதையும் யாரிடமும் மறுக்கவில்லை. வாயும் குறைந்துபோனது. அடக்கம் வந்துவிட்டது என்று வானதி நினைத்துக்கொண்டாள்.

ஆறு வாரத்தில் மரம் நிறைந்தது. எழுபதுக்கு மேல் இலைகள். அதில் பாதிக்கு மேல் 'செம்மொழிக்கு' என்றே இருந்தன. அந்த வெள்ளிக்கிழமை ஒன்றிய அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு ஓர் அதிகாரி வந்தார். மரத்தைப் பார்த்து அசந்துபோனார். மாவட்ட அளவில் வகுப்பறைப் போட்டி ஒன்று வருகிறது, இதை அனுப்பலாம் என்றார். போட்டோ எடுக்க வேண்டும், உதவி பெற்ற பிள்ளை யாராவது நடுவில் நின்றால் நன்றாக இருக்கும் என்றார்.

வானதி, "செம்மொழி, இங்க வாம்மா" என்றாள்.

அவள் வந்து நின்றாள். சுற்றிலும் பிள்ளைகள் நின்றார்கள். "யாரு யாரு என்னென்ன உதவி செஞ்சாங்கன்னு சார்கிட்ட சொல்லு" என்றாள் வானதி. செம்மொழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடது கையைப் பாவாடை மடிப்புக்குள் வைத்திருந்தாள். மூன்று வருடத்தில் அவள் அந்தக் கையை மறைத்து வானதி பார்த்ததில்லை. வெட்கப்படுகிறாள் என்று அதிகாரியிடம் சொன்னாள். போட்டோ நன்றாகத்தான் வந்தது.

திங்கட்கிழமை செம்மொழி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை அவள் அம்மா நீலாம்பாள் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ரெங்கசாமி சாரிடம் பேசிவிட்டுப் போனாள். வானதி பாடம் நடத்திக்கொண்டிருந்ததால் தெரியாது. மத்தியானம் ரெங்கசாமி சொன்னார்.

"டி.சி. கேக்குறாங்க டீச்சர்."

"யாருக்கு?"

"செம்மொழிக்கு. மன்னார்குடியில ஹாஸ்டலோட இருக்கிற ஸ்கூல்ல சேக்கப்போறாங்களாம். அடுத்த சனிக்கிழம வந்து வாங்கிக்கிறேன்னாங்க."

"ஒம்பது வயசுப் புள்ளய ஹாஸ்டல்லயா? அவங்கப்பா என்ன சொன்னாராம்?"

"வீரையன் திருப்பூர்ல இருக்கான். போன்ல கேட்டதுக்கு, புள்ள சொல்றபடி செய்யின்னுட்டானாம். நானும் எவ்வளவோ கேட்டேன், என்ன காரணம்னு. இங்க வரமாட்டேங்குறா சார், அவ்வளவுதான் தெரியும்னாங்க."

பதினான்கு வருடத்தில் வானதியின் வகுப்பிலிருந்து பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஊர் மாறிப் போனவர்கள், இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனவர்கள். வகுப்புக்கு வரமாட்டேன் என்று சொல்லி யாரும் போனதில்லை. அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டு அப்படியே மூடிவைத்தாள்.

"காய்ச்சலா இருக்கும், அதான் வர மாட்டேங்குறாளோ?" என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல்லாம் இல்ல டீச்சர். அவங்கம்மா கூட நடவுக்குப் போறா. நான் பாத்தேன்" என்றான் அறிவுச்செல்வன். நாலாம் வகுப்பு, செம்மொழிக்குப் பக்கத்தில் உட்காருகிறவன்.

சனிக்கிழமை விடுமுறை. காலை ஒன்பதரை மணிக்கு வானதி ஸ்கூட்டரை வாய்க்கால் மதகோரம் நிறுத்திவிட்டு வரப்பில் நடந்தாள். பள்ளமான வயல். நடவு மெஷின் இறங்காது என்பதால் ஆள் வைத்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பெண்கள் ஒரே வரிசையில் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்து வந்தார்கள். செம்மொழி எதிர் வரப்பில் இருந்தாள். நாற்றுமுடிகளை இடது முழங்கைக்குள் அடுக்கிக்கொண்டு, வலது கையால் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் வீசினாள். குறி தப்பாமல் ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னால் போய் விழுந்தன. டீச்சரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏ நீலா, ஒன்னத் தேடி டீச்சரு வந்துருக்காங்க பாரு" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நீலாம்பாள் நிமிர்ந்து கும்பிட்டாள். "இந்தா வந்துட்டேன் டீச்சர். இத முடிச்சுட்டு வந்துர்றேன். நடுவுல எந்திரிச்சா வரிச கெட்டுப்போயிரும்."

வானதி நின்றாள். சின்ன வயதில் அப்பாவோடு வயலுக்குப் போய் எத்தனையோ நடவு பார்த்திருக்கிறாள். வரப்பில் நின்று, நடுகிறவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். சேற்றில் இறங்கி வரிசையில் நின்றதில்லை. இருபது நிமிடம் வேறு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாததால் அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீலாம்பாளுக்கு இடது பக்கம் ஒரு பெண். முப்பது வயது இருக்கும். கை மெதுவாகத்தான் ஓடியது. நாலு குத்து நாற்று நட்டால் ஒரு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் மட்டும் பின்தங்கி வரிசை வளைந்திருக்க வேண்டும். வளையவில்லை. ஏன் என்று வானதிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. நீலாம்பாள் தன் பங்கை நட்டுவிட்டு, கை போகிற போக்கில் அவள் பக்கம் இரண்டு குத்து நட்டாள். அந்தப் பக்கத்துக்காரியும் அதையே செய்தாள். நடுவிலிருந்தவளின் பங்கு குறுகிக்கொண்டே வந்தது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரேஷன் கடையில் கைரேகை விழாமல் போனது பற்றித்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க அத்தைக்கி பத்து வெரலும் வச்சுப் பாத்துட்டான், விழல. பதினோராவது வெரலு இருந்தா குடுங்கங்குறான்!"

நடுவிலிருந்தவளும் சேர்ந்து சிரித்தாள். எல்லோரும் ஒன்றாகவே வரப்புக்கு வந்து சேர்ந்தார்கள்.

நீலாம்பாள் சேற்றுக் கையை வாய்க்காலில் அலசிவிட்டு வந்தாள். வானதி கேட்க வந்தது வேறு. ஆனால் வாயில் வந்தது இது: "ஒங்க பக்கத்துல நின்ன அம்மாவோட பங்கையும் நீங்கதான நட்டீங்க?"

நீலாம்பாள் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க டீச்சர். அவ காதுல விழுந்துச்சுன்னா நாளைக்கி வேலைக்கே வரமாட்டா. ஆபரேசன் பண்ணிக்கிட்டவ. ரோசக்காரி."

வானதி கையில் இருந்த ஸ்கூட்டர் சாவியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டாள்.

"செம்மொழி என்ன சொல்றா?"

"எங்கிட்ட என்னத்தச் சொல்றா? போமாட்டேன்னா போமாட்டேன்தான். கேட்டா அழுவுறா. கையி இப்பிடிப் பொறந்தப்பகூட நான் அழுவல டீச்சர். இவளும் ஒரு நாளும் அழுதவ இல்ல. நீங்களே கேளுங்க." குரலை உயர்த்தினாள். "ஏய், இங்க வா. டீச்சரு ஒன்னத்தான் பாக்க வந்துருக்காங்க."

செம்மொழி வந்து நான்கு அடி தள்ளி நின்றாள். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது.

"ஏன் ஸ்கூலுக்கு வரல?" என்றாள் வானதி. குரல் வகுப்பில் கேட்கிற குரலாகவே வந்தது.

செம்மொழி காலில் காய்ந்த சேற்றை மற்றக் கால் விரலால் சுரண்டினாள்.

"யாராவது எதாவது சொன்னாங்களா?"

"ஒன்னும் சொல்லல."

"பின்ன?"

"அப்சர் என் செருப்ப ஒளிச்சுவச்சான்."

"எப்ப?"

"மூணு தடவ. அவனே ஒளிச்சுவச்சுட்டு அவனே தேடிக் குடுத்துட்டு எல வாங்கிட்டான். ஒங்களுக்குத் தெரியாது."

நீலாம்பாள் சிரித்துவிட்டாள். வானதிக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் செம்மொழி நிறுத்தவில்லை.

"அறிவுச்செல்வனுக்கு வகுத்தலே வராது டீச்சர். மூணு நாளு நான்தான் சொல்லிக்குடுத்தேன். அத யாரும் சொல்லல. அவனும் சொல்லல. எல்லாருக்கும் எல இருக்கு. எனக்கு ஒரு எலகூட இல்ல. நான் எதுத்தாப்புல வந்தாலே பையப் புடுங்குறாங்க. நான் யாருக்குப் போயி என்ன செய்யிறது?"

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். இரண்டு நாற்றுமுடியை எடுத்து முழங்கைக்குள் சொருகிக்கொண்டாள்.

"திங்கக்கிழம வா" என்றாள் வானதி, அவள் முதுகைப் பார்த்து.

"வரமாட்டேன்."

"அவ புடிச்சா புடிதான் டீச்சர்" என்றாள் நீலாம்பாள். "அடுத்த சனிக்கிழம டி.சி.ய வாங்கிக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க. ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

வருத்தம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் வானதிக்கு ஏதாவது பதில் சொல்ல வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை ஆட்ட மறந்துவிட்டாள். தியாகேசன் இரண்டு முறை என்ன விஷயம் என்று கேட்டார். மூன்றாம் முறை சொன்னாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நான் தெனம் ஒனக்குத் தண்ணி தூக்கி வக்கிறேனே, எனக்கு எத்தன எல வரும்?" என்றார்.

"வெளையாடாதீங்க."

"வெளையாடல. எல குடுத்தா நானும் தூக்கிவச்சுட்டு ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டுத்தான் நிப்பேன்."

அவள் எழுந்து போனாள். அரிசியைக் கிரைண்டரில் போட்டாள்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வருவதற்குள் மரத்தைச் சுவரிலிருந்து பிரித்து, சுருட்டி, பீரோவுக்கு மேல் போட்டாள். பிரார்த்தனை முடிந்து உள்ளே வந்த பிள்ளைகள் வெறும் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"டீச்சர், மரம் எங்க டீச்சர்?"

"எடுத்துட்டேன்."

"எனக்குப் பன்னெண்டு எல இருந்துச்சே டீச்சர்!" என்றான் அப்சர். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. "அப்ப நான் செஞ்சதெல்லாம் சும்மாவா?"

"சும்மாதான்டா செய்யணும்" என்றாள். சொன்ன பிறகு அது சரியான பதிலா என்று அவளுக்கே தெரியவில்லை. செருப்பைப் பற்றிக் கேட்க நினைத்திருந்தாள். கேட்கவில்லை.

மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். "ஒன்னு சொல்றேன், கேளுங்க. உதவி வேணாம்னு ஒருத்தங்க சொன்னா விட்டுரணும். புடுங்கக் கூடாது. போன மாசம் நான் செம்மொழிகிட்ட வேற மாதிரி சொன்னேன். நான் சொன்னது தப்பு."

பின்வரிசையில் ஒருத்தி பக்கத்திலிருந்தவளின் காதில், "டீச்சரு தப்புன்னாங்க" என்றாள். அது எல்லோருக்கும் கேட்டது.

ரெங்கசாமி இடைவேளையில் வந்து வெறும் சுவரைப் பார்த்துப் பதறினார். "என்ன டீச்சர் இது? போட்டிக்குப் பேரு குடுத்தாச்சு. வந்து மரம் எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"இலையுதிர் காலம்னு சொல்லுங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. மூன்று நாள் அவளோடு சரியாகப் பேசவும் இல்லை.

மரத்தை எடுத்தாகிவிட்டது. அதற்குப் பதில் என்ன செய்வது என்று வானதிக்குத் தெளிவாக ஒன்றும் தெரியாது. அன்று மத்தியானம் ஒன்று செய்து பார்த்தாள். பிள்ளைகளை நான்கு வரிசையாக உட்காரவைத்தாள். ஒவ்வொரு வரிசைக்கும் ஆறு கணக்கு. வரிசையில் எல்லோரும் போட்டு முடித்த பிறகுதான் நோட்டுகள் மேசைக்கு வரவேண்டும், பிறகுதான் அந்த வரிசை விளையாடப் போகலாம். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நான் கேட்க மாட்டேன், என்னிடம் யாரும் வந்து சொல்லவும் கூடாது என்றாள். "விடைய மட்டும் பாத்து எழுதுனா எனக்குத் தெரிஞ்சிரும். கரும்பலகையில வந்து போடச் சொல்வேன்."

முதல் நாள் பெருங்கூத்தாகப் போனது. மெதுவாகப் போடுகிறவர்களைக் கிள்ளினார்கள். ஒருவன் பக்கத்துப் பையன் நோட்டைப் பிடுங்கித் தானே எழுதினான். ஒரு வரிசை அழுகையில் முடிந்தது. நட்டுப் பழகியவர்கள் வேறு, இதுகள் வேறு என்று வானதி நினைத்தாள். ஆனாலும் விடவில்லை. கிள்ளினால் அந்த வரிசைக்கு இன்னும் ஒரு கணக்கு என்று சேர்த்துக்கொண்டாள். செவ்வாயும் புதனும் மூன்று வரிசைகள் ஒரு மாதிரி கரை சேர்ந்தன. நாலாவது வரிசை சேரவில்லை. அதில் அப்சர் இருந்தான், அறிவுச்செல்வன் இருந்தான், ஓர் இடம் காலியாக இருந்தது. இரண்டு நாளும் மற்றவர்கள் வெளியே கத்திக்கொண்டு ஓடியபோது அவர்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்சர் சொல்லிக்கொடுத்துப் பார்த்தான். அவனுக்கே பாதிதான் தெரியும்.

"மீதிய கீழ எறக்குடா!"

"எங்கேருந்து எறக்குறது?"

"மேலேருந்துதான்டா எறக்குவாங்க, பக்கத்து வீட்டுலேருந்தா எறக்குவாங்க?"

புதன்கிழமை சாயங்காலம் நடந்தது வானதிக்குத் தெரியாது. பிறகு நீலாம்பாள் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளி விட்டதும் நாலாவது வரிசை நேராகச் செம்மொழி வீட்டுக்குப் போயிருக்கிறது. வாசலில் நின்று அப்சர் பேசியிருக்கிறான்.

"ஏய், ஒன்னால ரெண்டு நாளா நாங்க வெளையாடவே போகல. இவனுக்கு வகுத்தல் வந்தாத்தான் விடுவாங்களாம். நீ சொன்னாத்தான் இவன் மண்டைல ஏறுது. என்னக்கி வருவ?"

"நான் வரமாட்டேன். எனக்கு மன்னார்குடில ஹாஸ்டலு."

"போறதுன்னா போ. இவனுக்கு வகுத்தலச் சொல்லிக்குடுத்துட்டுப் போ."

"எம் பையத் தூக்க வந்தீன்னா கொன்னுருவேன்."

"ஒன் பைய எவன்டி தூக்குறது? இப்ப எலயே கெடையாது. மரத்தப் பிச்சுப் போட்டாச்சு. டீச்சரே தான் சொன்னது தப்புன்னுட்டாங்க, தெரியுமா?"

"தெரியும். ஊரே சொல்லுது." பிறகு அறிவுச்செல்வனைப் பார்த்துக் கேட்டிருக்கிறாள்: "எந்தக் கணக்குடா? ரெண்டு ஸ்தானமா, மூணா?"

வியாழக்கிழமை மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துச் செம்மொழி வந்தாள். வாசலில் நின்று, "உள்ள வரலாமா டீச்சர்?" என்றாள். வானதி தலையை அசைத்தாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. நல்லவேளை வந்தாய் என்றும் சொல்லவில்லை. வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே தொட்டபோது விரல் தவறி பக்கத்துப் பெயரில் பட்டது. சரிசெய்தாள்.

நாலாவது வரிசை அன்றும் விளையாடப் போகவில்லை. ஆனால் சத்தம் வேறு மாதிரி இருந்தது. "கழுத, கழிச்சுட்டுத்தான்டா எறக்கணும்" என்று செம்மொழி அதட்டுவது கேட்டது. பேசாமல் இருந்த அத்தனை வாரத்துக்கும் சேர்த்துப் பேசினாள். அறிவுச்செல்வன் திட்டு வாங்கிக்கொண்டு அழித்து அழித்துப் போட்டான். வெள்ளிக்கிழமை அவன் கரும்பலகையில் ஒரு கணக்கைத் தப்பில்லாமல் போட்டான். இரண்டாவதில் மீதியை மறந்துவிட்டான்.

அவள் திரும்பி வந்ததால் எல்லாம் முடிந்துவிட்டது என்று வானதி நினைக்கவில்லை. இரண்டு நாள் வந்துவிட்டுப் போகிற பிள்ளைகளையும் அவள் பார்த்திருக்கிறாள். ஹாஸ்டலுக்கு இடம் சொல்லியாகிவிட்டது. டி.சி. கேட்ட மனு ரெங்கசாமி மேசையில் கண்ணாடி பேப்பர் வெயிட்டுக்கு அடியில் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மழை விடுமுறைக்கு ஈடாகப் பள்ளி உண்டு. பத்து மணிக்கு நீலாம்பாள் வந்தாள். வேலைக்குப் போகிற வழி. சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். தலையில் துண்டு. ரெங்கசாமி படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வானதியின் வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார்.

"டீச்சர், செம்மொழி அம்மா வந்துருக்காங்க. டி.சி. எழுதிரவா? நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

வானதி எழுந்தாள். பேனா மூடியைத் திறந்து மூடினாள். நீலாம்பாள் வகுப்புக்குள் எட்டிப் பார்த்து, "ஏட்டி, வா. கையெழுத்து வாங்கிட்டுப் போயிரலாம். எனக்கு நடவுக்கு நேரமாச்சு" என்றாள்.

நாலாவது வரிசையில் நான்கு தலைகள் ஒரே நோட்டின் மேல் குனிந்திருந்தன. செம்மொழி நிமிரவில்லை.

"ஏட்டி, ஒன்னத்தான்!"

"இரும்மா." எரிச்சலோடு தலையைத் தூக்கினாள். "இன்னும் ரெண்டு கணக்கு இருக்கு. இவன் இப்பத்தான் புரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுறான். நான் எந்திரிச்சேன்னா மறுபடியும் மொதல்லேருந்து வருவான்."

"ஹாஸ்டல்காரங்களுக்கு என்னத்தச் சொல்றது?"

"எதயாவது சொல்லு." மறுபடியும் குனிந்துகொண்டாள்.

நீலாம்பாள் மகளைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். ரெங்கசாமி படிவத்தை நீட்டிக்கொண்டே நின்றார். வானதி அதை வாங்கவில்லை. பேனாவை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்து, அடுத்த வரிசையின் நோட்டுகளைத் திருத்த ஆரம்பித்தாள்.

"இதுங்களோட எவ மாரடிக்கிறது" என்றாள் நீலாம்பாள், யாரையும் பார்க்காமல். "அது வேணாம் சார், வச்சுருங்க. நான் போறேன், வரிச நிக்கும்."

கேட்டைத் தாண்டி வேகமாக நடந்தாள். மழை தூற ஆரம்பித்திருந்தது.